பாட்டை முழுங்காதீங்க வாத்தியாரே

2020 அக்டோபரில் பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்.பி.ஜி. (ஒரு கதாபாத்திரமாக நுழைந்து, நம் முடிவுகளால் கதையை நகர்த்தும் கம்ப்யூட்டர் கேம்) ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாகத் தயாராகும் முன்பே விற்பனைக்கு, வந்தபோது பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். முதல் இரண்டு பாகங்களில் சண்டை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் அப்படியே நிற்கும். நம் கூட்டத்தில் உள்ள ஆறு பேருக்கும் ஆளுக்கொரு வேலை சொல்லிவிட்டு மறுபடி தட்டினால் ஓடும். மூன்றாவது பாகத்தைச் செய்த லேரியன் ஸ்டுடியோஸ் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உன் முறை, என் முறை என்று ஆடும் டர்ன் பேஸ்டு சண்டையைக் கொண்டுவந்தது. ஆறு பேர் நாலு பேரானார்கள். இது பால்டர்ஸ் கேட்டே இல்லை, டிவினிட்டிக்குப் பெயர் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எங்கும் பேச்சு. டிவினிட்டி: ஒரிஜினல் சின் லேரியனின் முந்தைய வரிசை என்பதால் அந்தக் குத்தலில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

2023 ஆகஸ்ட்டில் முழு கேமும் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதுகளை வரிசையாக அள்ளியது. கொதித்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் சத்தமே போடாமல் ராத்திரி கண் விழித்து ஆடி முடித்தார்கள்.

அப்போ முதலில் போட்ட கூச்சல் சும்மாவா? நான் அப்படி நினைக்கவில்லை. கேமரா மேலிருந்து பார்க்கணும், சண்டை இந்த மாதிரி இருக்கணும், கூட்டத்தில் இத்தனை பேர் இருக்கணும் என்று ரசிகன் கேட்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சங்கதிகள். பெயர் சொல்லிக் கேட்க முடிவதால் அதைக் கேட்கிறான். அவன் உண்மையில் பிடித்து வைத்திருப்பது வேறு. நான் செய்ததை இந்த கேம் கவனித்ததா? கவனித்துவிட்டு எனக்கு ஏதாவது பதில் சொல்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்றால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவான். இல்லை என்றால், அவன் கேட்ட கேமராவை அப்படியே கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

நான் இந்த வகை கேமுக்கு அடிமையானது தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில். மற்ற மெஷின்களில் எல்லாம் வைஸ் சிட்டியும் கவுண்டர் ஸ்டிரைக்கும் அதிரும். நான் மூலையில் உட்கார்ந்து பால்டர்ஸ் கேட் 2 ஆடுவேன். ஆடுவேன் என்பதைவிடப் படிப்பேன் என்பதுதான் சரி. தமிழ் மீடியம் இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயலாக்கையும் இரண்டு தடவை வாசித்தால்தான் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றே புரியும். கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கேம் ஆடுறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்பார். என்னுடைய சேவ் எல்லாம் டி டிரைவில் இருக்கும். யாராவது இடம் போதவில்லை என்று அழித்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மணிக்கணக்கு காசு கொடுத்து, ஒரு வரிக்கு இரண்டு தடவை வாசித்து எடுத்த முடிவை அந்த கேம் பின்னால் ஒரு இடத்தில் ஞாபகம் வைத்துக்கொண்டு பேசும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்குத்தான் நான் ரசிகன். ஸ்பேஸ் பாருக்கு இல்லை.

சேவ் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் சென்னைக்கு வெளியே கரண்டு பாதி நாளுக்கு மேல் இருக்காது. கதவைத் திறக்கும் முன் சேவ் பண்ண எஃப்5, திறந்த பின் எஃப்5 என்று விரல் தானாகவே போகும். இன்னும் போகிறது. 2018-இல் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் என்று செக் நாட்டு கேம் ஒன்று வந்தது. நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. அதற்கென்று ஒரு சாராயத்தை வாங்கியோ காய்ச்சியோ வைத்துக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தப் படுக்கையைத் தேடிப் போய்ப் படுக்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் சேவ் பண்ணினால் பயம் போய்விடும், முடிவுக்கு எடை இருக்காது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு, சுவரில் உள்ள பிளக்கில் எப்போதும் கரண்டு இருக்கும் என்று நம்பி எழுதிய கணக்கு. ரசிகர்கள் கத்தியதும், கேமை விட்டு வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியை ஒரு பேட்சில் கொடுத்தார்கள். சாராயத்தை எடுக்கவில்லை. வடிவமைத்தவர் தன் பிடியையும் விடவில்லை, வேலைக்குக் கிளம்ப வேண்டியவனையும் தண்டிக்கவில்லை. ரசிகர் கோபத்துக்கு இவ்வளவு அளவாகப் பதில் சொன்ன இடம் வேறு எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

எங்கள் பக்கம், தருமபுரி கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும், திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து. பதினெட்டு நாள் நடக்கும். கதை எல்லாருக்கும் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு நடிக்கிறவரைவிட நன்றாகவே தெரியும். காவேரிப்பட்டணம் பக்கம் அத்தை ஊரில் ஒரு தடவை பகடை துகில் ஆடினார்கள். எல்.இ.டி. விளக்கு, காலரில் மைக், பின்னால் பிளக்ஸ் திரை, எல்லாம் புதுசு. அதற்கெல்லாம் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. கட்டியங்காரன் வந்து, மாங்கூழ் ஆலைக்காரன் இந்த வருஷம் கொடுத்த விலையைச் சகுனி பகடையோடு சேர்த்து நக்கலடித்தான். அது எந்தப் பாரதத்திலும் இல்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் திரௌபதி சபையைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பாட்டு வந்தது. நேரமாகிவிட்டது என்று பாதியை விட்டுவிட்டுத் தாண்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "என்ன வாத்தியாரே, பாட்டுல பாதிய முழுங்கிட்டீங்க? அவ கேட்ட கேள்விக்கு ஒருத்தனும் பதில் சொல்லல, அதுக்குள்ள துகில உரியுறீங்க?" வாத்தியார் தாளத்தை நிறுத்திவிட்டுப் பாட்டை முதலிலிருந்து எடுத்தார்.

மைக்கை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்த அந்தப் பெரியவரை நான் ஃபாலவுட் ரசிகர்களிடம் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அணு யுத்தத்தில் அழிந்த உலகத்தில் நடக்கும் ஃபாலவுட் 1997-இல் வந்தது. மேலிருந்து பார்க்கும் கேமரா, டர்ன் பேஸ்டு சண்டை. கடைசி எதிரி மாஸ்டர், மனிதர்களை எல்லாம் மியூட்டன்ட்டுகளாக, அதாவது உருமாறிய ராட்சதர்களாக, மாற்றிவிட்டால் உலகில் சண்டையே இருக்காது என்று நம்புகிறவன். அவனைச் சுட்டுக் கொல்லலாம். அல்லது, அந்த மியூட்டன்ட்டுகளுக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆதாரத்தைத் தேடி எடுத்துப் போய் அவன் முன்னால் வைத்துப் பேசலாம். பேச்சுத் திறமை போதுமான அளவு இருந்தால், தான் செய்ததெல்லாம் வீண் என்று புரிந்து அவனே தன்னை முடித்துக்கொள்வான். அவனோடு சண்டையே போடாமல் அவன் கதை முடிந்துவிடும். மணிக்கணக்கில் ஆடிப் பேச்சில் புள்ளிகளைப் போட்டவனுக்கு அதுதான் கூலி.

பெதஸ்டா நிறுவனம் 2008-இல் ஃபாலவுட் 3-ஐ வெளியிட்டது. கேமரா ஆளின் கண்ணுக்குள் வந்தது, துப்பாக்கியை நாமே குறி பார்த்தோம். பழைய ஆட்கள் வருஷக்கணக்கில் திட்டினார்கள். ஆனால் அந்த கேமில் நியாயமாகத் திட்ட வேண்டிய இடம் கேமரா இல்லை, கடைசிக் காட்சி. கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது போய் ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். போனால் சாவு. உன் பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற மியூட்டன்ட் நிற்கிறான். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரம் முன்னால்தான் அதே மாதிரி ஒரு அறைக்குள் போய் உனக்கு வேண்டிய பெட்டியை எடுத்துவந்து கொடுத்தான். இப்போது, நீ போயேன் என்றால், இது உன் விதி, நான் குறுக்கே வர மாட்டேன் என்கிறான். கேம் தான் சொன்னதைத் தானே மறந்துவிட்டது. 2009-இல் புரோக்கன் ஸ்டீல் என்ற டி.எல்.சி. (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி) வந்து, ஃபாக்ஸை அனுப்பலாம், முடிவுக்குப் பின்னும் தொடர்ந்து ஆடலாம் என்று மாற்றினார்கள். முழுங்கின பாட்டைக் காசு வாங்கிக்கொண்டு பாடினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2010-இல் அப்சிடியன் நிறுவனம் செய்த ஃபாலவுட்: நியூ வேகாஸ் அதே கேமரா, அதே எஞ்சின், அதே துப்பாக்கி. வெளிவந்த நாளில் பிழைகள் கொட்டிக் கிடந்தன. ஆனால் நீ எந்த ஊருக்கு என்ன செய்தாய், எந்தக் கட்சிக்கு முதுகைக் காட்டினாய் என்பதையெல்லாம் முடிவில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும். பழைய ஃபாலவுட் ஆட்கள் தங்கள் வாரிசு என்று இன்றுவரை கொண்டாடுவது அதைத்தான். கேமராவைப் பற்றி அதில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இதற்கு நேர் எதிர் சோதனையும் நடந்திருக்கிறது. 2012-இல் அதே அப்சிடியன் கிக்ஸ்டார்ட்டர் என்ற பணம் திரட்டும் இணையதளத்தில் ரசிகர்களிடமே கை நீட்டியது. பழைய பால்டர்ஸ் கேட் மாதிரியே செய்கிறோம், வரைந்த பின்னணி, ஆறு பேர், ஸ்பேஸ் பார், எல்லாம் உண்டு என்றது. கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் சேர்ந்தது. 2015-இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி நல்ல கேம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊருக்குள் போனால் பெயர்ப்பலகை தங்க நிறத்தில் மின்னும் ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள். பணம் கூடுதலாகக் கொடுத்த ரசிகர்களின் கதாபாத்திரங்கள் அவை. கிட்டே போனால் அவர்கள் பேச மாட்டார்கள். அவர்களே எழுதிக் கொடுத்த ஒரு பத்தி வரும், கதைக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. நானும் முதல் ஊரில் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். அப்புறம் தங்க நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போனேன். ரசிகன் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால் கேமுக்குள் என்ன வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. அடுத்த பாகம் டெட்ஃபயர் 2018-இல் வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2019 தொடக்கத்தில், ஸ்பேஸ் பார் சண்டைக்காகக் காசு கொடுத்தவர்களின் அந்த கேமிலேயே டர்ன் பேஸ்டு முறையையும் சேர்த்தார்கள்!

அடுத்தது பகடை. வீசிய அடி படுமா, பேசிய பேச்சு பலிக்குமா என்பதை கேம் உள்ளே உருட்டும் எண்தான் முடிவு செய்யும். இந்த வகை கேம்களின் உயிரே அதில்தான் இருக்கிறது, சண்டையும் அதில்தான்.

75 சதவீதம் வெற்றி என்று திரையில் காட்டினால், நாலில் ஒரு தடவை தோற்போம் என்று நம் மூளை வாசிப்பதில்லை. ஜெயித்துவிடுவோம் என்றே வாசிக்கிறது. சிவிலைசேஷன் புகழ் சிட் மையர் 2010-இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் இதைத்தான் விவரித்தார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் சண்டைக்குப் போய்த் தோற்றவர்கள், கேம் ஏமாற்றிவிட்டது என்று புகார் சொன்னார்களாம். ஃபயர் எம்பளம் வரிசை 2002-இலிருந்தே இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. இரண்டு எண்களை உருட்டி அவற்றின் சராசரியை எடுக்கும். அதனால் திரையில் 75 என்று இருந்தால் உண்மையில் அடி விழும் வாய்ப்பு அதைவிட அதிகம். ரசிகனின் கணக்குத் தப்பைச் சரிசெய்யாமல், அந்தத் தப்புக்கு ஏற்றபடி கணக்கையே வளைத்துவிட்டார்கள்.

பால்டர்ஸ் கேட் 3-க்கும் அதே வழக்கு வந்தது. ஆரம்பக் கட்டத்தில் அடி படவே மாட்டேன் என்கிறது, பகடை எப்போதும் சின்ன எண்ணாகவே விழுகிறது என்று ஏர்லி ஆக்சஸிலேயே புகார். தோல்வி தொடர்ந்து விழாதபடி பார்த்துக்கொள்ளும் பகடை ஒன்றை லேரியன் செட்டிங்ஸில் வைத்தது. முதலில் அதற்கு வைத்த பெயர் லோடட் டைஸ், அதாவது சகுனி வைத்திருந்த அதே சரக்கு. பின்னால் கார்மிக் டைஸ் என்று மரியாதையான பெயர் வைத்தார்கள். நான் அதை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன். பகடை நமக்குச் சாதகமாகவே விழும் என்று தெரிந்துவிட்டால் ஆட்டத்தில் உட்கார எதற்கு?

சரி, அணைத்துவிட்டு என்ன செய்கிறேன் தெரியுமா? ஒரு முக்கியமான பேச்சில் தோற்றால் கை எஃப்8-க்குப் போகிறது. பழைய சேவ் லோடு ஆகிறது. என் முடிவுகளுக்கு விளைவு இருக்கணும் என்று கேட்கிற ஆளே, விளைவு பிடிக்கவில்லையென்றால் காலத்தைப் பின்னால் தள்ளிவிடுகிறான். இதுதான் இந்த வடிவமைப்பாளர்களுக்கு இருக்கும் நிஜமான தலைவலி. 2023 நவம்பரில் லேரியன் ஹானர் மோடு கொண்டுவந்தது. ஒரே சேவ்தான், கூட்டம் மொத்தமாகச் செத்தால் கதை அவ்வளவுதான். அது துணிந்தவர்களுக்கு. எல்லாருக்குமான விடையை 2019-இலேயே டிஸ்கோ எலிசியம் கொடுத்துவிட்டது என்பேன். அதில் தனியாகச் சண்டை முறையே கிடையாது. ஒரு துப்பறியும் போலீஸ்காரனின் தலைக்குள் இருபத்துநான்கு திறன்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். உடம்பு பலவீனமான ஆளாக உருவாக்கியிருந்தால், தொடங்கிய சில நிமிஷத்தில், மின்விசிறியில் மாட்டியிருக்கும் கழுத்துப் பட்டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்தே போகலாம். ஆனால் பல இடங்களில் தோற்பதுதான் ஜெயிப்பதைவிடச் சுவாரசியமாக எழுதப்பட்டிருக்கும். தோற்றதும் அடுத்த வரியைப் படிக்க ஆசை வரும், கை சேவ் பக்கம் போகாது. ரசிகனைக் கட்டிப்போடவில்லை. தோல்வியிலும் அவனுக்குப் பதில் வைத்திருந்தார்கள்.

என் சித்தி பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஸ்கைரிம் ஆடி வளர்ந்தவன். அவனுக்கு அதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்டைப் போட்டுக் கொடுத்தேன். கையில் ஒரு பொட்டலம், பால்மோரா ஊருக்குப் போய் சவுத் வால் கார்னர்கிளப்பில் கேயஸ் கொசாடஸ் என்பவரை விசாரி என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். "அண்ணா, அம்பு எங்க?" என்றான். எங்கே போகணும் என்று காட்டும் அம்பு அதில் கிடையாது, குறிப்பைப் படிக்கணும், வழியில் ஆளைக் கேட்கணும் என்றேன். அதைக்கூடச் சகித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். "வாள் அவன் மேல படுதுண்ணா. கண்ணுல பார்க்கிறேன். ஆனா படலங்குது!"

அவன் சொல்வது சரி. கேமரா எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்று மேலே சொன்னதற்கு இங்கே ஒரு எல்லை வருகிறது. மேலிருந்து பார்க்கும்போது, சின்னதாய்த் தெரியும் ஆள் வீசிய அடி தவறிவிட்டது என்றால் நம்புகிறோம். கண்ணுக்குள் கேமராவை வைத்து, வாள் எதிரி உடம்பில் இறங்குவதைக் காட்டிவிட்டு, உள்ளே உருளும் பகடை தவறு என்று சொன்னால் அது பொய்யாகப் படுகிறது. பார்வை கிட்டே வர வர, பகடை ஒளிந்துகொள்ள வேண்டும். அடுத்த பாகமான ஆப்ளிவியன் 2006-இல் அதைப் புரிந்துகொண்டு, வாள் பட்டால் பட்டதுதான் என்று மாற்றியது. நல்ல மாற்றம். கூடவே இன்னொன்றையும் மாற்றியது. மாரோவிண்டில் கதைக்கு முக்கியமானவரைக்கூடக் கொல்லலாம். கொன்றால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குப் போ, இல்லையென்றால் நீ உண்டாக்கிய உலகத்திலேயே இரு என்ற பொருளில் ஒரு செய்தி வரும். ஆப்ளிவியனில் அப்படிப்பட்டவர்களை எவ்வளவு வெட்டினாலும் மயங்கி விழுந்துவிட்டுத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். படுகளத்தில் தொடை பிளந்த துரியோதனன் எழுந்து டீ குடிக்கப் போன மாதிரி. அம்பு வந்ததுகூட எனக்குப் பெரிய குறையில்லை. இதுதான் எனக்கு ஆறவில்லை.

பயோவேர் நிறுவனத்தின் விண்வெளிக் கதையான மாஸ் எஃபெக்ட் 3 முடிவைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்துவிட்டது, அதனால் சுருக்கமாக. 2012 மார்ச்சில் வந்தது. மூன்று பாகங்களாக எடுத்த முடிவுகளுக்குப் பலன் என்று வந்து நின்றது, கிட்டத்தட்ட ஒரே காட்சி, நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை. ரசிகர்கள் பணம் திரட்டி, அதே மூன்று நிறத்தில் நானூறு கப்கேக் வாங்கி பயோவேருக்கு அனுப்பினார்கள். நிறம்தான் வேறு, ருசி எல்லாம் ஒன்று! எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுளீரென்று விழுந்திருக்காது. ஜூனில் இலவசமாக எக்ஸ்டெண்டட் கட் வந்தது. முடிவு மாறவில்லை, விளக்கம்தான் கூடியது.

அந்த பயோவேர்தான் 2014-இல் டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனுக்காக, முந்தைய பாகங்களில் நாம் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகளைக் குறித்து எடுத்துவர டிராகன் ஏஜ் கீப் என்று தனி இணையதளமே கட்டியது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை நிரப்பினேன். பத்து வருஷம் கழித்து 2024 அக்டோபர் 31-இல் அடுத்த பாகமான தி வெயில்கார்டு வந்தது. தொடக்கத்தில் மூன்று விஷயங்களைத்தான் கேட்டது: போன பாகத்தில் யாரைக் காதலித்தாய், உன் அமைப்பைக் கலைத்தாயா, அதில் உன்னோடு கூட வந்த சோலஸை என்ன செய்வதாகச் சபதம் எடுத்தாய். அவ்வளவுதான். சண்டை வேகமாக இருந்தது, முடி அழகாக அசைந்தது. 15 லட்சம் பேர் ஆடியதாகவும், அது எதிர்பார்த்ததில் கிட்டத்தட்ட பாதி என்றும் அதை வெளியிட்ட ஈ.ஏ. நிறுவனம் சொன்னது. பலரும் சேர்ந்து ஆடுகிற உலகத்தைத்தான் இப்போது ஆட்கள் தேடுகிறார்கள் என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார்கள். இன்க்விசிஷனில் துயரக் கிணற்றின் தண்ணீரைக் குடித்தது நானா, சூனியக்காரி மாரிகனா என்பது அந்த மூன்றில் இல்லை. மாரிகன் மட்டும் கதைக்குள் வருகிறாள், எதுவுமே நடக்காத மாதிரி நின்று பேசிவிட்டுப் போகிறாள்.